மெடூசாவின் அக்காமார்

கம்சனா 'மெடூசாவின் அக்காமார்' என்ற நாடகத்தை ஜெர்மன் மொழியில் இரண்டு வருடமாக எழுதினாள். ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. மிஞ்சிய நேரமெல்லாம் கிரேக்கக் கதையில் வரும் மூன்று சகோதரிகளோடுதான். பிறக்கும்போதே நரைத்தவர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே கண். அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். பாம்புக் கூந்தல்காரி மெடூசாவைக் கொல்லப் போகும் வீரன் பெர்சியஸ் அந்தக் கண்ணைப் பறித்துக்கொண்டு, அவள் இருக்குமிடத்தைச் சொன்னால்தான் தருவேன் என்கிறான். மெடூசா அவர்களுடைய சொந்தத் தங்கை. பழங்கதையில் சொல்லிவிடுகிறார்கள். கம்சனாவின் நாடகத்தில் சொல்லவில்லை. கண் போனால் போகட்டும் என்று கைகோத்து இருந்துவிடுகிறார்கள்.

அதை அவள் வாசிக்கக் கொடுத்தது ஒரே ஒருத்திக்கு. டார்ம்ஸ்டாட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்கா துஷானிக்கு. "நல்லாயிருக்கு, இன்னும் திருத்தவேணும்" என்றதோடு சரி.

எட்டு மாதம் கழித்துச் சிநேகிதி பேர்பெச்சுவா ஒரு படம் அனுப்பினாள். அவள் மகள் படிக்கும், துஷானி கற்பிக்கும் பள்ளியின் நாடக அறிவிப்பு. தலைப்பு அதேதான். கீழே: எழுதி இயக்கியவர் துஷானி.

கம்சனா சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறினாள். கடைசி வரிசையில் இருந்து பார்த்தாள். பிள்ளைகள் பேசுமுன்னே அவள் உதடுகள் வசனத்தை முணுமுணுத்தன. முடிவில் மட்டும் வசனம் மாறியது. மூன்று கிழவிகளும் போட்டி போட்டுக்கொண்டு வழி சொன்னார்கள். சனம் கைதட்டியது.

வாசலில் பூங்கொத்தோடு நின்ற துஷானிக்கு முகம் வெளுத்தது.

"அக்கா, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ?"

"கேட்டா நீ விடமாட்டாய். மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டியிருப்பாய். இப்ப இருநூறு சனம் பாத்திருக்கு."

"உங்கடை பேரோடை. சரி, முடிவை ஏன் மாத்தினீங்கள்?"

"கண்ணைப் பறிகுடுத்துப்போட்டு ஆரடி பேசாமல் இருப்பினம்? ஒருத்தரும் நம்பாயினம்."

அதற்குள் தலைமையாசிரியர் கிறிஸ்தோப்பர் வந்து, இது யார் என்று விசாரித்தார்.

"என் தங்கை. தட்டச்சு செய்து உதவினாள்" என்றாள் துஷானி ஜெர்மனில், கண் இமைக்காமல்.

கம்சனா வாயைத் திறந்தாள். அத்தனை பேர் முன்னால் அக்காவைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை. வெளியே நடந்தாள்.

மூன்று வாரம் அவள் அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு அடுத்த மேடையேற்றத்துக்கான அறிவிப்பு வந்தது. எழுதியவர் என்ற இடத்தில் இருவர் பெயரும் இருந்தன. "இப்ப சந்தோசமோ?" என்று கேட்டிருந்தாள் துஷானி.

கம்சனா பதில் எழுதினாள்: "என்ரை பேரை எடுத்துவிடுங்கோ. நான் எழுதின ஆக்கள் வழி சொல்லேல்லை."

அந்த வருடத் தீபாவளிக்கு டார்ம்ஸ்டாட்டுக்கு வரச்சொல்லி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் போகவில்லை.