களி என்று எழுதிய மண்

மண் ஆய்வகத்தில் அவளுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். மண்ணைப் பற்றி அவள் ஒன்று சொன்னால் அப்பீலே கிடையாது என்பது வேலையிடத்திலும் வீட்டிலும் பேச்சு. அந்தப் பேச்சுதான் குடும்பத்தைக் கெடுத்தது.

இரண்டு வருடம் முன்பு அண்ணன் தோட்டத்தில் குளம் வெட்டுமுன் அவளைத்தான் கேட்டான். இரண்டடி தோண்டிப் பார்த்தாள். கீழே போகப் போகக் களி கூடுவதுபோல் தெரிந்தது. அந்த வகை மண்ணில் களி இண்டு இடுக்கெல்லாம் படிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 'களி, தண்ணீர் நிற்கும்' என்று எழுதிக் கொடுத்தாள். நிறைந்த குளம் நாலாம் நாள் காலி. தங்கை எழுத்தில் தப்பு வருமா? அடிமண்ணை இறுக்க ரோலர் ஓட்டிய அண்ணனின் மச்சினன் தலையில் பழி விழுந்தது. வேலையில் ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் ஊரைக் கூட்டிச் சொன்னான். அண்ணியும் ஆத்திரத்தில் தன் தம்பியை நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். அன்று போனவன் இந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது பக்கத்திலேயே இரண்டாவது குளம், வேறு ஆள், வேறு ரோலர். அதுவும் வற்றிவிட்டது.

அவள் ஏணி வைத்து உள்ளே இறங்கினாள். ஆறடிச் சுவரில் அரையடிக்கு ஒரு பிடி எடுத்து, நனைத்து, உள்ளங்கையில் தேய்த்தாள். முதலில் மணல்போல நறநறத்தது. விடாமல் தேய்க்கத் தேய்க்கப் பசையாகிவிட்டது. இரும்புத் துரு களியைப் பொடி மணிகளாக ஒட்டிவைத்திருந்தது. உச்சி முதல் அடிவரை களி ஒரே அளவு. பல லட்சம் வருட மழையில் சத்தெல்லாம் கரைந்து உளுத்த மண் இது, வகையே வேறு. பேருக்குத்தான் களி, தண்ணீரை மணல்போல விட்டுவிடும்.

"இவனும் ஏமாத்திட்டானா?" கரையில் நின்று அண்ணன் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பெயர் பிழைத்துவிடும். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைக்கவும் செய்தாள்.

"இல்லண்ணே. யாரும் ஏமாத்தல. நான்தான் ரெண்டடியோட நிறுத்திட்டேன். இந்த மண்ணு மணிமணியா இருக்கு, சும்மா ரோலர் ஓட்டுனா உடையாது, தண்ணி நிக்காது. தப்பு என்னோடது."

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் நின்ற அண்ணி போனில் தம்பியின் எண்ணை அழுத்தி, மேலேறி வந்தவளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

சேற்றுக் கையோடு வாங்கினாள். இரண்டு முறைதான் மணி அடித்தது. எடுத்தவன் மறுமுனையில் யாரென்று கேட்கவில்லை. திரையில் அக்கா என்று பார்த்ததுமே பேச ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நான் நல்லாத்தான் ஓட்டுனேன்க்கா."