தொட்டிக்குக் கீழ் நின்ற தூண்

கீழ்த்தளத்தில் நான்கு பேர் இருந்தார்கள்: பொறியாளர், துளை போடுபவர், வீட்டுக்காரர், மாடியில் குடியிருக்கும் அவர் தங்கை.

வீட்டின் உறுதியைச் சோதிக்க வராந்தாத் தூண்களில் துளைபோட்டு எடுத்த கான்கிரீட் துண்டுகள் கல்லாக இருந்தன.

"அப்போ வீடு விழாதுல்ல?" என்றாள் தங்கை.

"விழ ஆயிரத்துல ஒரு வாய்ப்புதான். ஆனா, துளை போட வசதியான தூணா பாத்தே எடுத்திருக்கோம்" என்ற பொறியாளரின் பார்வை, தண்ணீர்த்தொட்டிக்குக் கீழிருந்த பூட்டிய அறைமேலேயே நின்றது.

"அங்க வெறும் தட்டுமுட்டுச் சாமான்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"தூணும் இருக்குல்ல அண்ணே. சாவியக் குடு" என்றாள் தங்கை.

அந்தத் தூணின் துண்டு பொறியாளர் கையிலேயே உதிர்ந்தது. "இப்போ பத்துல ஒண்ணு" என்றார்.

"மிச்சம் ஒன்பதுல நிக்கும்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ மாடில நீ வந்து தங்குண்ணே."

சாயங்காலம் தங்கை மூட்டை முடிச்சோடு இறங்கியதும், அண்ணனே அவள் பின்னால் மாடிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.