நிலைக்கால்களுக்கு நடுவே

நர்ஸம்மா துணிப்பட்டையை, கட்டிலில் கிடந்த அப்பாவின் வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட முனைந்த நொடியில், மகள் குறுக்கே புகுந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"கட்டாதீங்க."

"நான் என்ன ஆசைப்பட்டா கட்டுறேன்? காலையிலேர்ந்து எத்தனை தடவை ட்யூபைப் பிடுங்கிட்டாரு, நீங்களே பார்த்தீங்கல்ல? மூச்சு முட்டுச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க? இறுக்க மாட்டேம்மா. சும்மா, கட்டில் சட்டத்தோட லேசா..."

"லேசாவும் வேண்டாம். அந்தக் கையைக் கட்டக் கூடாது."

அந்தக் கையை நர்ஸம்மா ஒருமுறை பார்த்தாள். கைவிரல்கள் ஐந்தும் ஐந்து திசையை நோக்கியிருந்தன. பலமுறை ஒடிந்து, பலமுறை ஒட்டி, ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய கோணத்தில் நின்றுவிட்ட விரல்கள் அவை. சுண்டுவிரலோ மற்ற விரல்களோடு மனத்தாங்கல் கொண்டு தனிக்குடித்தனம் போனதுபோல் விலகியே இருந்தது. சட்டைப் பொத்தானைக்கூடச் சரிவரப் போட முடியாத அந்த விரல்களைக் கொண்டுதான் அவர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

"கட்டட்டும்க்கா," என்றான் தம்பி, ஜன்னலோரம் நின்றபடியே. வெளியூரில் வேலையிலிருந்தவன் முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தான். "அவர் நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

"நீ சும்மா இரு."

"சரிம்மா," என்று நர்ஸம்மா பட்டையைச் சுருட்டித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை பிடுங்கினார்னா யார் பேச்சையும் கேக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

டாக்டர் காலையிலேயே வந்து பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பொழுது தாண்டினா பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அழுவதற்கு மகள் அப்போதும் உட்காரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா போகும்போது அந்தக் கைகள் கட்டுண்டு கிடக்கக் கூடாது.

ஆனால் அந்தக் கைகள் எதைத் தேடுகின்றன என்பதுதான் விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், உதட்டை மூடிக்கொண்டார். அம்மாவின் புகைப்படத்தை எடுத்துக் கையில் வைத்தாள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். தன் கையையே கொடுத்தாள். அதையும், வேலை நேரத்தில் குறுக்கே வந்த குழந்தையை நகர்த்துவதுபோல் மெல்ல நகர்த்திவிட்டு, மறுபடியும் காற்றில் துழாவத் தொடங்கினார். துழாவும் விரல்களில் ஆக்ஸிஜன் குழாய்தான் ஒவ்வொரு முறையும் மாட்டியது.

பிற்பகலில் தெருவாசலில் தடி ஊன்றும் ஓசை கேட்டது. பூட்டு மாமா வந்துவிட்டார்.

அவருடைய இயற்பெயர் அவருடைய மனைவிக்கே நினைவிருந்ததா என்பது ஐயம். அப்பா கால்பந்து அணியில் கோல் காத்த காலத்தில், அவருக்கு நேர் முன்னால் தடுப்பாட்டக்காரராக நின்றவர். எதிரணியார் எவரும் எளிதில் திறக்க முடியாதவர் என்பதனால் பூட்டு. அப்பாவுக்கோ கோந்து என்று பெயர். பந்து கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பொருள். பூட்டும் கோந்தும் சேர்ந்து நின்ற நாள்களில் எதிரணிப் பயிற்சியாளர்கள் சிகரெட்டைப் பற்ற வைக்கவும் மறந்துபோவார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

இப்போது அந்தப் பூட்டு நன்றாகப் பருத்து, முழங்காலில் பட்டை கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்தது.

"என்னடா கோந்து! இப்படி வாயை மூடிட்டுப் படுத்திருக்க?" பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "நம்ப மாட்டேம்மா நான். உங்கப்பன் வாயை மூடி நான் பார்த்ததே இல்ல. ஆட்டம் முழுக்கப் பின்னாலேர்ந்து கத்திக்கிட்டே இருப்பான். 'பூட்டு, இடப்பக்கம்! பூட்டு, ஆளைப் பிடி! பூட்டு, கண்ணு தெரியலையா!' வீட்டுல பொண்டாட்டி திட்டுவா, கிரவுண்டுல இவன் திட்டுவான். ஞாயித்துக்கிழமைகூட எனக்கு லீவு கிடையாது."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல்முறையாக.

அவளும் அந்தக் கூச்சலைக் கேட்டு வளர்ந்தவளே. சொந்த ஊர் ஆட்டங்களுக்கு அப்பா அவளையும் அழைத்துப் போவார். வலைக்குப் பின்னால், பந்து பொறுக்குகிறவர்களின் பெஞ்சில் ஓர் இடம் அவளுக்கு எப்போதும் உண்டு. மற்றப் பிள்ளைகள் தங்கள் தந்தையின் முகத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். அவள் முதுகைப் பார்த்து வளர்ந்தாள். மழை நாளில் அந்த முதுகிலிருந்து ஆவி எழும். பந்து தொலைவில் இருக்கும்போது தோள்கள் தளர்ந்து, நெருங்க நெருங்க ஓர் அங்குலம் உயர்ந்துகொள்ளும். ஆட்டம் முடிந்த மறுநாள், கொடியில் அவருடைய கையுறைகள் விரல்களைக் கீழே தொங்கவிட்டு, யாரோ இருவர் தலைகீழாக நின்று கும்பிடுவதுபோல் காய்ந்துகொண்டிருக்கும். வீடு முழுவதும் தைல வாடை வீசும். பிற்காலத்தில் தையல் கற்று, இதே வீட்டுக் கூடத்தில் மெஷின் போட்டு உட்கார்ந்த பிறகும், எங்கேனும் தைல வாடை வந்தால் அவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமையாகவே தோன்றும்.

"எல்லாம் அந்த ஒரு ஃபைனல் வரைக்கும்தானே மாமா," என்றான் தம்பி திடீரென்று. "அதுக்கப்புறம் கோந்துன்னு யாரு கூப்பிட்டா?"

பூட்டு மாமா தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஊர் அப்பாவுக்கு வைத்த பெயர் எண்ணெய். மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்து. தவழும் குழந்தைகூடக் காலால் மறித்திருக்கும். அது அவருக்கும் கம்பத்துக்கும் இடையே சாவகாசமாக உள்ளே போயிற்று. தூங்கிவிட்டார் என்றார்கள் சிலர். காசு வாங்கிவிட்டார் என்றார்கள் வேறு சிலர். பள்ளிக்கூடத்தில் தம்பியை 'எண்ணெய் பாட்டில்' என்று அழைத்தார்கள். அவன் அந்த ஆண்டோடு பந்தைத் தொடுவதை விட்டான். அப்பாவோடு மனம் விட்டுப் பேசுவதையும் ஏறக்குறைய அப்போதே விட்டான்.

நடந்தது என்ன என்பதை மகள் அறிவாள். ஏனெனில் அவள் வலைக்குப் பின்னால் இருந்தாள்.

கோல் காப்பவருக்கு முதுகில் கண் கிடையாது. முன்னே பந்தைப் பார்த்தால் பின்னே கம்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆகையால், ஆட்டம் தொடங்கும் முன்பு, இரு கம்பங்களுக்கும் நடுவிலிருந்து நேராக முன்னோக்கிப் பூட்ஸ் குதிகாலால் தரையில் ஒரு கோடு கிழித்துக்கொள்வார்கள். குனிந்து பார்த்தால் கோடு. கோட்டில் நின்றால் நடு. பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது, எதிராளி கிழித்த கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டுத் தன் கோட்டைக் கிழிப்பது அப்பாவின் வழக்கம். அன்று வந்து நின்றவுடன் அவருடைய பூட்ஸ் கயிறு அறுந்துவிட்டது. உட்கார்ந்து முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். காலடியில் ஒரு கோடு இருந்தது. அதை நம்பி நின்றுவிட்டார். எதிரணிக் கோல்கீப்பருக்கு ஒரு முழங்கால் சரியில்லை. அந்தப் பக்கம் பாய முடியாத குறையை ஈடுகட்ட, அவன் வேண்டுமென்றே ஓர் அடி தள்ளிக் கோடு கிழித்திருந்தான்.

"அது என் கோடு இல்ல பாப்பா," என்று அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார். "அடுத்தவன் கோடு." அவ்வளவுதான். வெளியே எவரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

அதன்பின் சின்னச் சின்ன அணிகளுக்கு ஆடிய ஆண்டுகளில் அவர் கோடே கிழித்ததில்லை. பின்வாங்கிப் போய், இடக்கை முஷ்டியால் இடக் கம்பத்தை ஒரு தட்டு. வலக்கை முஷ்டியால் வலக் கம்பத்தை ஒரு தட்டு. பிறகு இரண்டு கையும் மார்புக்கு வந்து ஒன்று சேரும். டொக். டொக். பட். ஆட்டத்தை விட்டு நின்ற பின்னும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவு நிலையின் இருபுறமும் கை போய் வரும். "வீடு பூராப் பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் கறை!" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். "கதவு எங்கேயும் ஓடிடாதுங்க. போன தடவை இருந்த இடத்துலதான் இருக்கு."

"இருக்குதான்னு பார்க்கறதுல என்ன தப்பு?" என்பார் அவர்.

டொக்.

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. அப்பாவின் இடக்கை முஷ்டி சுவரில் இடித்த ஓசைதான் அது. காலையிலிருந்து எத்தனையோ முறை கேட்டும் காதில் விழாத ஓசை. இப்போது வலக்கை எழுந்தது. வெற்றிடத்தில் நீண்டது. இன்னும் நீண்டது. தொட ஒன்றும் அகப்படாமல் நடுங்கி, துழாவி, குழாயில் சிக்கி இழுத்தது.

நர்ஸம்மா பையில் கையை விட்டாள்.

"தம்பி! கட்டிலைப் பிடி."

"என்னக்கா?"

"கால்மாட்டைப் பிடிடா. கூடத்துப் பக்கம் இழு. தலைமாடு நிலைக்கு நேரா வர்ற வரைக்கும்."

"நிலைக்கா? வழியிலயா?"

"வழியிலதான். பிடி!"

அது பழைய மரக்கட்டில். நடுப்பலகை தொய்ந்துபோனதால் ஒரு தச்சர் அடியில் ஐந்தாவதாக ஒரு காலை வைத்துக் கொடுத்திருந்தார். அந்தக் காலின் அடியில் ஆணித்தலை ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இழுத்தவுடன் அது தரையைக் கிழித்துக்கொண்டு கிறீச்சிட்டது.

"தரையெல்லாம் கீறுதுக்கா!"

"கீறட்டும்."

பூட்டு மாமா தடியை எறிந்துவிட்டு எழுந்து, ஆக்ஸிஜன் சிலிண்டரின் சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டிலோடு நொண்டி நொண்டி வந்தார். அவருக்கு ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிலின் கால்மாடு கூடத்துக்குள் நீண்டது; தலைமாடு அறைக்குள் நின்றது; அப்பாவின் தோள்கள் நிலைக்கால்கள் இரண்டுக்கும் நடுவே வந்தன. அவருடைய பாதங்களுக்கு நேரே கூடம், கூடத்துக்கு நேரே திறந்த தெருவாசல், அதற்கப்பால் வெயில்.

அறைக்குள் இருந்த மருந்துப் பெட்டியை எடுக்க வழியில்லாமல் நர்ஸம்மா கூடத்தில் நின்று பதறினாள். "நடைவழியை அடைச்சு யாராவது படுக்க வைப்பாங்களா? நான் எப்படிங்க உள்ள போறது?"

"நீங்க உள்ள போக முடியாது நர்ஸம்மா," என்றார் பூட்டு மாமா, மூச்சிரைக்க. "அதுக்குத்தானே அவன் நிக்கிறான்."

இடக்கை மெல்ல எழுந்து பக்கவாட்டில் போயிற்று. மரம். டொக்.

வலக்கை எழுந்தது. நீண்டது. நிலைக்காலுக்கு ஒரு விரற்கடை இப்பால் நின்று நடுங்கியது. எவரும் சொல்லாமலே தம்பி இடுப்பைக் கொடுத்துக் கட்டிலை வலப்பக்கமாக ஒரு நெட்டு நெட்டினான்.

டொக்.

இரண்டு கைகளும் திரும்பி வந்தன. ஓசையின்றி மார்பின்மேல் ஒன்று சேர்ந்தன. கோணல் விரல்கள், அத்தனை கோணலும் ஒன்றோடொன்று பொருந்தி, அமைதியாக அமர்ந்துகொண்டன. குழாயின் பக்கம் அவை அதன்பின் போகவேயில்லை.

"எதுக்குக்கா இப்படிச் செய்றாரு?" என்று தம்பி கட்டிலின் சட்டத்தை விடாமல் கேட்டான்.

அவள் சொன்னாள். கயிறு அறுந்ததையும், கோட்டையும், அடுத்தவனின் முழங்காலையும், தாழ்ந்த குரலில், தைத்த துணியின் மடிப்பைப் பிரிப்பதுபோல் சொன்னாள். கேட்டுவிட்டு அவன், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றான். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நீ கேட்டியா?" என்றார் பூட்டு மாமா. கடுமையாகச் சொல்லவில்லை. "நானும் கேக்கல. விடு."

வெயில் தெருவாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து, தையல் மெஷினின் சக்கரத்தில் ஏறி, கட்டிலின் கால்மாட்டைத் தொட்டது. பூட்டு மாமா ஏதோ பழைய ஆட்டத்தைப் பற்றி, மழையில் பந்து மிதந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே நிறுத்திவிட்டு, கூடத்து நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்து, நண்பருக்கும் தெருவாசலுக்கும் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸம்மா குனிந்து நாடியைப் பார்த்தாள். சற்றுக் கூடுதலாகவே பார்த்தாள். பின்னர், பையிலிருந்த துணிப்பட்டையை வெளியே எடுத்து, நான்காக மடித்து, எவர் கண்ணிலும் படாதபடி கைக்குள் மூடிக்கொண்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் விடைபெற்றுப் போய்விட்டார்கள். கட்டிலை அப்புறப்படுத்தி ஆயிற்று. கூட்டித் துடைத்த தரையில் கீறல் பளிச்சென்று தெரிந்தது. அறைச் சுவரோரம் தொடங்கி, வளைந்து, நிலையைத் தாண்டிக் கூடத்துக்குள் நேராகப் போயிருந்தது.

"துடைச்சாப் போகாதுக்கா," என்றான் தம்பி, ஈரத்துணியோடு குந்தியிருந்தவன். "ஆளை வச்சுப் பாலிஷ்தான் போடணும்."

"இருக்கட்டும்."

அவன் துணியைப் பிழிந்துவிட்டு, இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க எடுக்கப் போனான். அவள் நிலையருகே வந்து கீறலைப் பார்த்தாள். தையற்காரியின் கண் அது. துணியின் நடுவை நாடா வைக்காமலே சொல்லும். கீறல் நடுவில் இல்லை. ஒரு கட்டைவிரல் அளவு இடப்பக்கம் விலகியிருந்தது. அவள் அதன்மேல் நிற்கவில்லை. தெருவாசலைப் பார்த்தபடி, வெறுங்காலோடு நிலைக்குள் பின்வாங்கினாள். திரும்பிப் பாராமல் இடக்கையை நீட்டினாள். பெயிண்டின்மேல் வழவழவென்று கறை படிந்த இடம் கையில் பட்டது. வலக்கையை நீட்டினாள். அங்கும் அப்படியே. ஒரு கட்டைவிரல் அளவு வலப்பக்கம் நகர்ந்து நின்றாள்.

அறையில் கிடந்த கடைசி நாற்காலியை எடுக்கத் தம்பி கூடத்தின் குறுக்கே வந்தான். நிலைவரைக்கும் வந்தவன் அவளைப் பார்த்தான், நின்றான். பிறகு நாற்காலியை எடுக்காமலே வெளியே போய், அவளுக்கு நேர் முன்னால் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.