எட்டு மூலை வீல் கப்

கிரேன் அந்தக் காரைக் கல்குவாரித் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்ததும் ஷெரிஃப் டெல்மர் என் முதுகில் தட்டினான். "என்ன பெருசு, பேர் சொல்லுங்க பாப்போம். உங்களுக்குத்தான் துருப்பிடிச்ச ஆணியக் காட்டினாலே போதுமே." 1988 கோடை அது. தெற்கு இண்டியானாவில் சோளமெல்லாம் முழங்கால் உயரத்திலேயே கருகிப்போயிருந்தது. குவாரித் தண்ணீர் நாற்பதடி இறங்கியதில் ஒரு ஸ்டியரிங் வெளியே தெரிந்தது. ஓட்டுபவர் இருக்கையில் சேற்றோடு கிடந்த எலும்புகளை டெல்மரின் ஆட்கள் தார்ப்பாயில் வைத்து எடுத்துப்போய்விட்டார்கள். மிச்சமிருந்த இரும்புக்குப் பெயர் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தான்.

நான் வெண்டல் ஹென்ஷா. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தப் பக்கத்தில் என் பெயர் கார் வெண்டல். நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டில் கொட்டகைக்கொரு கம்பெனி கார் செய்தது. ஐம்பது கார் விற்றுவிட்டு மூடிப்போன கம்பெனிகள் எத்தனையோ. மங்கிப்போன போட்டோவைக் கொடுத்தால் போதும். பானெட்டில் எத்தனை காற்றுவெட்டு, ரேடியேட்டரின் தோள் நேரா வளைவா, கதவுக் கீல் உள்ளேயா வெளியேயா என்று பார்த்து, பெயரும் வருஷமும் சொல்லிவிடுவேன். எங்கள் பழைய கார் சங்கத்தின் பத்திரிகையில் அதற்கென்றே எனக்கு ஒரு பக்கம் இருந்தது. புதியவர்களுக்கு நான் எழுதிய முதல் பாடம், சக்கரத்தின் நடுவை மூடும் வீல் கப்பை மட்டும் நம்பாதே என்பது. கம்பெனி திவாலானால் உதிரிபாகம் கிடைக்காது. கிடைத்ததைத் திருகி மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள்.

கம்பி பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்தேன். ஒன்பது காற்றுவெட்டு. நேர்த்தோள் ரேடியேட்டர். மூன்று சக்கரங்களிலும் வட்ட வீல் கப். முன்பக்க இடது சக்கரம் இல்லை. இருக்காது. கழன்று மேலே பாறை விளிம்பில் சிக்கியிருந்த அதை 1962லேயே நீந்தப் போனவர்கள் கொண்டுவந்துவிட்டார்கள்.

"ஆல்வர்டன். 1917."

டெல்மரின் சிரிப்பு நின்றது. "ஆல்வர்டனா? எம்மெட் ஸ்ப்ராட்லின் ஓட்டினது அதுதானே? அவரோடது இல்லவே இல்லேன்னு நீங்கதானே அன்னிக்கு அடிச்சுச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

எம்மெட் அந்தக் குவாரியில் கல் அறுத்தவர். 1921ல் ஒரு சனிக்கிழமை காரோடு போனவர் திரும்பவில்லை. அதே வாரம் ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் ஊரைவிட்டுப் போனாள். ஊருக்கு அது போதாதா! மனைவி மட்டும், "அவர் தண்ணிக்குள்ளதான் இருக்கார், என்ன விட்டுப் போக மாட்டார்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கல்லறைக்கல்லில் அவர் பெயரையும் பக்கத்தில் செதுக்கி, இறந்த வருஷத்துக்கு மட்டும் இடம் விடச் சொன்னாள். மகள் இர்மா அப்படியே செய்தாள்.

அந்தச் சக்கரம் கிடைத்ததும் இர்மா ஒரு போட்டோவோடு என்னிடம் ஓடிவந்தாள். எங்கள் சர்ச்சுக்கு வருபவள், என்னைவிட ஏழு வயது மூத்தவள். போட்டோவில் அப்பா ஆல்வர்டனில் சாய்ந்து நிற்கிறார். முன் சக்கரத்தை மறைத்துக்கொண்டு நாலு வயது இர்மா நிற்கிறாள். பின் சக்கரத்தில் வட்ட வீல் கப். குவாரியில் கிடைத்ததிலோ எட்டு மூலை வீல் கப். ட்ரெல் கம்பெனியுடையது. மொத்தமே பதினோரு ட்ரெல்தான் செய்தார்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் குவாரியின் அடியில் ஒரு ட்ரெல்! அதைக் கண்டுபிடித்தவன் நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க அப்பா கார்தானா, வெண்டல்? ஆமான்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னா, முங்குறவங்கள இறக்கிப் பாக்கறேன்னு ஷெரிஃப் சொல்லியிருக்கார்."

"இல்லக்கா. இது ட்ரெல். பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்."

சொல்லும்போது என் நாக்கு கூசவில்லை. அதற்கு முன்னால் போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தேன். குழந்தை இர்மாவின் கவுன் ஓரத்தில் வீல் கப்பின் விளிம்பு கொஞ்சம் தெரிந்தது. வளையவில்லை, மூலையாக மடங்கியிருந்தது. நிழலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவி, தெரிந்தேதான் சொல்லிக்கொண்டேன்.

அப்பா ஓடித்தான் போனார் என்று முடிவுகட்டி, இர்மா அந்த வாரமே கல்லுப்பட்டறை ஆளைக் கூட்டிப்போய், அம்மாவின் கல்லிலிருந்து அப்பாவின் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டாள். ட்ரெல் பற்றி நான் எழுதியது பத்திரிகையில் வந்தது. டெட்ராய்ட்டிலிருந்தெல்லாம் பாராட்டுக் கடிதம் வந்தது. வீல் கப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அது என் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

குவாரியிலிருந்து நேராக வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு இர்மா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எழுபத்தொரு வயது. பின்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எலும்பு கிடைத்ததைச் சொன்னேன். லென்ஸில் பார்த்ததையும் சொன்னேன். உரித்த தோலையெல்லாம் கூட்டி ஒரு பக்கம் வைத்தாள். வீல் கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா பளபளன்னு தேச்சு வச்சிருக்கீங்க."

"அக்கா..."

"அப்பா கை பட்ட இடம் ஒண்ணாவது விட்டு வச்சிருக்கலாம்." எழுந்தாள். "அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. அப்பாவ நான் அங்க நின்னு திட்டினதெல்லாம் அவதான் கேட்டா."

கல்லறைத் தோட்டத்தில் புல் காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. கல்லின் இடது பாதியில் அம்மாவின் பெயர். வலது பாதியை நாலு விரல் ஆழத்துக்குக் குடைந்திருந்தார்கள். இர்மா அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இதுல மறுபடி எழுத முடியுமா?"

இந்த ஊரில் எல்லோருக்கும் கல்லைப் பற்றித் தெரியும். இன்னும் செதுக்கினால் கல் இரண்டாகிவிடும். அவளுக்கும் தெரியும்.

வீல் கப்பைத் தூக்கிக் கல்லின் தலையில், அப்பாவின் பக்கம் வைத்தாள். சரிவான கல். வீல் கப் வழுக்கி முன்னால் விழுந்தது. கஷ்டப்பட்டுக் குனிந்து எடுத்து, கவுனில் துடைத்து, மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். அவள் மறுபடியும் குனிந்தாள்.