பதினோரு மணிக் கதவு

மலை ஏற வேண்டாம் என்று என் கணவரிடம் நேராகச் சொல்ல முடியாது. சொன்னால் வீம்புக்காகவே ஏறுவார். மார்ச்சில்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சமதரையில் நடக்கலாம், செங்குத்து ஏற்றம் இப்போது கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது.

அக்டோபர் விடுமுறைக்குக் கொரியாவின் காங்வொன் மாகாணத்தில் ஒரு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தோம். மறுநாள் காலை ஆறரைக்கே என் கணவர் மான்சு மடக்கு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டார்.

"தாஹே அம்மா, இங்க பாரு. எட்டு மணிக்குக் கிளம்பினா ஒரு மணிக்குத் திரும்பிடலாம். அரை நாள் வேலை." எங்கள் பிள்ளை பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

"ஆத்தோரமா ஒரு பாதை போகுதே, அதுல போனா என்னவாம்?"

"அது குழந்தைங்களைத் தள்ளுவண்டில கூட்டிட்டுப் போற பாதை. உச்சில மலை பேர் பொறிச்ச கல்லு பக்கத்துல நின்னு போட்டோ அனுப்புறேன்னு சங்கத்துல சொல்லியாச்சு."

மலையேறும் சங்கம்! மாதம் ஒரு மலை, மலைக்கு ஒரு போட்டோ. ஆஸ்பத்திரிக்கு வெள்ளரிக்காயும் மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளும் கொண்டுவந்த மகானுபாவர்கள்.

வரைபடத்தின் மூலையில் இருந்த அறிவிப்பில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. உச்சிப் பாதையின் கதவைப் பதினோரு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதற்குமேல் யாரையும் ஏற விடுவதில்லை. கதவுவரை ஒரு மணி நேர நடை. பத்துக்குமேல் கிளம்பினால் போதும்.

கிம்ச்சிக் குழம்பைச் சிறு தீயில் வைத்தேன். சோறு குழைந்துவிட்டது என்று மறுபடி வடித்தேன். கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, கிம்பாப்பை ஒவ்வொன்றாகச் சுருட்டினேன். கை வேலை செய்தது, கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

மான்சுவும் சும்மா இல்லை. கைத்தடியின் உயரத்தைக் கூட்டினார், குறைத்தார். கழுவிய வெள்ளரிக்காயைத் திரும்பக் கழுவினார். தொப்பியை மாற்றினார். இமயமலைக்கே போகிற ஆயத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சு வலிக்கிறதோ, அதனால்தான் மெதுவாக இருக்கிறாரோ என்று பயமும் வந்தது.

எப்படியோ ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பிவிட்டோம். என் கணக்கு பத்து நிமிஷத்தில் பிசகியது.

கதவை அடைந்தபோது பத்து ஐம்பத்திரண்டு. திறந்தே இருந்தது. இனி அழுதாவது தடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மான்சு பெஞ்சில் உட்கார்ந்தார். "ஷூவுக்குள்ள கல்லு."

கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"ஐயா, ஏறுறதா இருந்தா இப்பவே வாங்க. அடைக்கப் போறோம்" என்றார் கதவருகே நின்ற காவலர்.

"இதோ வந்துட்டேன்" என்றவர், அடுத்த ஷூவின் கயிற்றையும் அவிழ்க்கத் தொடங்கினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் நேரத்தைக் கடத்தும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் என் ஷூவைக் கழற்றினேன்.

"உனக்கு என்ன?"

"எனக்கும் கல்லுதான்."

காவலர் கதவைச் சாத்திப் பூட்டினார்.

"சே, அநியாயம்" என்றார் மான்சு. பூட்டைப் போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினார். பிறகு என் ஷூவை வாங்கித் தன் மடியில் வைத்து, தட்டித் தட்டிப் பார்த்தார்.