வெள்ளிக்கிழமைப் பந்தயம்

ஷம்ஸியாவும் தம்பி ரசீதும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஆளுக்கொன்றாக வாங்கிய கையடக்க கேம் கருவிக்கு, அதைத் தயாரித்த கம்பெனி கெடு வைத்துவிட்டது. ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்தரையோடு அதன் இணைய வசதி நின்றுவிடும் என்று கம்பெனி அறிவித்தது. அதன்பிறகு தனியாக ஆடலாம். வேறு ஊரில் இருப்பவரோடு சேர்ந்து ஆட முடியாது.

அந்தக் கருவி வைத்திருந்தவர்களுக்கென்று நெல்லையில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, பதினோரு பேர். உவரி ரெக்சன் கம்பெனியைத் திட்டி தினமும் பக்கம் பக்கமாக எழுதினார். வள்ளியூர் கணேஷ்ராம் தன்னுடையதைப் படம் பிடித்துப் போட்டு, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார். ஷம்ஸியா ஒன்றும் எழுதவில்லை. அந்த வாரம்தான் அவள் கருவியின் பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்துகொண்டது. மாற்றுப் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வள்ளியூருக்குப் போய், கணேஷ்ராமிடமே வாங்கி வந்தாள்.

எல்லாம் ரசீதுக்காகத்தான். சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அவன் ஏழு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவளோடு கார்ப் பந்தயம் ஆடுகிறான். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வார்கள். பேச்சென்றால் ‘வளைவு வருது’, ‘முந்திட்டேன்’ அவ்வளவுதான்.

கடைசி நாளன்று பாளையங்கோட்டை வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலையைப் பாதியில் விட்டு, அரை நாள் விடுப்பு சொல்லிக்கொண்டு மேலப்பாளையம் வீட்டுக்கு வந்தாள். ரசீதும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு தயாராக இருந்தான்.

ஐந்து இருபதுக்குத் திரையில் அவன் கார் பாலத்தில் அப்படியே நின்றது.

“என்னலே, நெட் போயிட்டா?”

“இல்ல லாத்தா. ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. எனக்கு இது சலிச்சு மூணு வருசமாச்சு.”

ஷம்ஸியாவும் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். “பின்ன எதுக்கு வாரம் தவறாம வந்தே?”

“கல்யாணம் நின்னுபோனப்புறம் நீ யார்ட்டயும் பேசல. இதுக்குன்னா மட்டும் வந்தே.”

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. “நீ அங்கன ஒத்தையில கெடக்கியேன்னுல்லா நான் வந்தேன். எனக்கு எப்பவோ அலுத்துப்போச்சு.”

வள்ளியூர் போய் வந்ததையும் சொன்னாள். அவன் ஷிப்டுக்காக யார் யாரிடமெல்லாம் கெஞ்சினான் என்று சொன்னான். இருவரும் சிரித்துக்கொண்டிருக்கையில் திரையில் ஓர் அறிவிப்பு வந்து, இரண்டு கார்களும் மறைந்தன. பந்தயத்தை யாரும் முடிக்கவில்லை.

கருவியை மூடி வைத்தாள். போனை வைக்கவில்லை.

“ரசீத், அந்தக் கல்யாணத்த மாப்பிள்ளை வீட்டுல நிறுத்தலலே. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். வேலைய விடணும்னாங்க. உம்மாவுக்குத் தெரியாது.”

“அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா” என்றான். குரலில் கோபம் இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்து சண்டை போட்டிருப்பாயே என்றாள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டான்.

பிறகு, அந்த மாப்பிள்ளை பார்க்க எப்படி இருந்தான் என்று மெதுவாகக் கேட்டான். ஷம்ஸியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.