வக்கீலின் வசூல்

நாய்க்கு வக்கீல் என்று பெயர் வைத்தது அவன் மனைவி. கறுப்பு அங்கி போலத் தொங்கும் காதுகள். தோற்கப்போகிற வழக்கு என்று தெரிந்தே எடுத்துக்கொண்டவரின் கனத்த முகம். அப்பா வழியில் மோப்பம் பிடித்து விரட்டும் வேட்டைநாய். அம்மா வழியில் ரிட்ரீவர், அதாவது விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விவந்து கையில் கொடுக்கிற இனம். இரண்டும் ஒரே தோலுக்குள் குடியிருந்ததால் அது சதா எதையாவது தேடியது. கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தது. வாங்கிக்கொள்ளும்வரை நகராது.

மனைவி இருந்தவரை பந்து, காலுறை என்று வீட்டோடு நின்றது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதன் பிறகு வக்கீல் வாசல் கதவின் கைப்பிடியை மூக்கால் அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டு வசூலுக்குக் கிளம்பியது.

முதலில் ஒரு குடை. அடுத்து நீலக் கம்பளிச் சட்டை. பிறகு ஒரு மரக்கரண்டி. அவன் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொன்றும் வாயில் தயாராக இருக்கும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அடுக்குமாடியின் கீழே இருக்கும் காவலாளி சொல்லிவிடுவார். படிக்கட்டில் நடக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அவன் நில அளவையாளன். அடுத்தவர் வேலி விரல் அளவு நகர்ந்திருந்தாலும் பிடித்துவிடுவான். திருட்டுப் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. துடைத்து எடுத்துக்கொண்டு அந்தந்தக் கதவைத் தட்டுவான்.

"நாய் எடுத்துட்டு வந்துடுச்சு. மன்னிக்கணும்."

எதிரில் நிற்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "பரவாயில்ல தம்பி" என்று வாங்கிக்கொண்டு, அவனைப் பார்க்காமலே கதவைச் சாத்துவார்கள். எல்லாருக்கும் எரிச்சல் என்று அவன் எடுத்துக்கொண்டான். அதற்கு மேல் நின்று பேச அவனிடமும் எதுவும் இல்லை.

கடைசியில் வக்கீல் கை வைத்தது கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் தண்ணீர் டம்ளரை எடுக்க முன்னால் குனிந்திருக்கிறார். திரும்பச் சாய்ந்தபோது முதுகுக்குப் பின்னால் குஷன் இல்லை. அசைய மறுக்கும் பல்லைக் கூடப் பொறுமையாகப் பிடுங்குகிறவர், அன்று சங்கத்தைக் கூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வீட்டில் அவனைத் தவிர மூச்சு விடுகிற ஒரே ஜீவன் அது. ஆனாலும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. மச்சினிக்குப் போன் செய்து, "நாயைக் கூட்டிட்டுப் போ" என்றான். அவளுக்கு ஊருக்கு வெளியே தோட்டம் வைத்த வீடு.

ஞாயிற்றுக்கிழமை அவள் காரோடு வந்தாள். வக்கீல் அவள் மடியில் தலையைப் போட்டுப் பெருமூச்சு விட்டது.

"என்ன வக்கீல் சார், ஊரையே கொள்ளையடிச்சீங்களாமே? உங்க மூஞ்சிய பாத்தா அப்பாவி மாதிரி இருக்கு. அத்தான் மூஞ்சிதான் குற்றவாளி மாதிரி இருக்கு."

அவன் தட்டையும் கிண்ணத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். "போற வழியில அந்தக் குஷனை டாக்டர்கிட்ட கொடுக்கணும்."

அவள் குஷனை எடுத்தாள். புரட்டினாள். "இதை எதுக்கு அவருக்குக் கொடுக்கறீங்க?"

"அவரோடது."

"யாரோடது?" அவள் குரல் ஏறியது. "அத்தான், இது என் பழைய சட்டை. அக்கா குஷனா தைச்சா. பட்டனைக்கூட எடுக்காம தைச்சிருக்கா பாருங்க, சோம்பேறி. எத்தனை நாள் நீங்க இதுல சாஞ்சு உட்கார்ந்திருப்பீங்க! முதுகுல குத்தலையா?"

குத்தியது நினைவுக்கு வந்தது. எது குத்துகிறது என்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அந்தக் குடை?" என்றான் மெதுவாக. "மரப் பிடி. கொஞ்சம் வளைஞ்சது."

"அக்காவோடது."

"நீலக் கம்பளிச் சட்டை."

"நான் வாங்கிக் கொடுத்தது. அவ யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துடுவா. அதையெல்லாம் நீங்க என்ன பண்ணீங்க?"

"வீடு வீடா போய்க் கொடுத்தேன்."

"மன்னிப்பு வேற கேட்டீங்களா?"

அவன் தலையாட்டினான். மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அது வேறு தண்ணீராக மாறப் பார்த்தபோது சட்டென்று எழுந்துவிட்டாள். "வாங்க, கீழே போகலாம்."

டாக்டர்தான் கதவைத் திறந்தார். குஷனைப் பார்த்ததும் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"சார், இது எங்க வீட்டுது."

"நல்லா இருக்கே! என் முதுகுக்குப் பின்னாலயிருந்து உருவிட்டுப் போயிட்டு, இப்போ உங்க வீட்டுதா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அவங்களோடதுதாங்க. உங்களுக்கு முதுகு வலின்னு நான்தான் இவர் சம்சாரத்துகிட்ட இரவல் வாங்கிட்டு வந்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க எப்போ கேட்டீங்க? சாஞ்சீங்க, தூங்கிட்டீங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "திருப்பிக் கொடுக்கணும்னு மாடி வரைக்கும் வந்தேன் தம்பி. கதவைத் தட்டக் கை வரல. அவளோட பொருளை உங்க கையில எப்படிக் கொடுக்கறது? கம்பளிச் சட்டை வச்சிருந்தவளும் இதையேதான் சொன்னா. நீங்களே கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டதும், அவளுக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல."

எரிச்சல் என்று அவன் நினைத்த முகங்கள் எல்லாம் வரிசையாக நினைவில் வந்தன.

இதற்குள் வக்கீல் உள்ளே நுழைந்துவிட்டது. சோபாவை முகர்ந்துவிட்டு விலகியது. திரைச்சீலையையும் முகர்ந்துவிட்டு விலகியது. நேராக அடுக்களைக்குப் போய், கீழ்த்தட்டில் எதையோ உருட்டிவிட்டு, ஒரு கைப்பிடித் துணியோடு வந்தது. சூடான பாத்திரம் இறக்குகிற துணி, ஓரம் கருகியிருந்தது.

"ஐயோ," என்றாள் டாக்டரின் மனைவி. "அதுவும் அவளோடது, மறந்தே போச்சு."

"இந்த வீட்டுல என்னோடது எதுன்னு ஒருதரம் சொல்லிடு," என்றார் டாக்டர். "அது வந்து என்னையும் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னால."

வக்கீல் அவன் முன்னால் வந்து நின்றது. துணியை அவன் கையில் வைத்து, முகத்தைப் பார்த்தது. அவன் அதை யாரிடமும் நீட்டவில்லை. நெடுநேரம் வைத்திருந்தான். கருகிய ஓரத்தை விரலால் தடவினான்.

"வாங்கிக்கிட்டேன்டா," என்றான்.

அப்புறம் குஷனை டாக்டரிடம் நீட்டினான். "முதுகு வலிக்கு வச்சுக்கோங்க சார். கேட்டிருந்தா அவ ஒரேயடியாவே கொடுத்திருப்பா."

"மறுபடி உருவிட்டுப் போகுமே?"

"போகும். நான் மறுபடி கொண்டு வந்து தரேன்."

"அப்போ நாய் போகலையா?"

"போகலை."

"சங்கத் தீர்மானம்?"

"அதை முதுகுக்குப் பின்னால வச்சுக்கோங்க," என்றாள் அவர் மனைவி. "உள்ள வாங்க தம்பி. வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறதே உங்களுக்குப் பழக்கமாயிடுச்சு."

"நல்ல ஆளுங்க அத்தான் நீங்க," என்றாள் மச்சினி. "ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்து, இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வர வச்சு, இப்போ வெறுங்கையோட அனுப்பறீங்க." அப்படிச் சொன்னவள்தான் முதலில் போய் உட்கார்ந்தாள்.

அவனும் உட்கார்ந்தான். மற்றவர்கள் பேசினார்கள். அவன் மனைவி யாருக்கு எதைக் கொடுத்தாள் என்று டாக்டரின் மனைவி சொல்லச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருமுறை, "அப்படியா?" என்றுகூடக் கேட்டான்.

வக்கீல் டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது. குஷனில் சாய்ந்திருந்தவர் முன்னால் குனியவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மனைவியை எடுத்துத் தரச் சொன்னார்.